பிழை சொல்லும் நேரம்

எங்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும் யாரும் எழும்ப முடியாது. மாதா பிரார்த்தனை சொல்லி, சிலுவை அடையாளம் போட்ட பிறகும் முழங்காலிலேயே இருக்க வேண்டும். பிறகு வயதில் சின்னவர் தொடங்கிப் பெரியவர் வரைக்கும், ஒவ்வொருவரும் அன்றைக்குத் தான் செய்த ஒரு பிழையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி முடிந்த பிறகுதான் இரவுச் சாப்பாடு.

இது என் தகப்பனின் வழக்கம். மற்ற வீடுகளில் ஆத்தும சோதனையை மனதுக்குள் செய்துவிட்டு எழும்பிவிடுவார்கள். என் தகப்பனுக்கு அது போதாது. மனதுக்குள் செய்தால் மனிதன் தன்னையே பேய்க்காட்டி ஏமாற்றுவான் என்பது அவருடைய கட்சி. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க இதைச் சொல்லிச் சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும். பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வரும்போதே அன்றைக்கு எந்தப் பிழையைச் சொல்வது என்று யோசித்து வைத்துக்கொண்டு வருவேன். பெரிதாகச் சொன்னால் அடி விழும், சின்னதாகச் சொன்னால் நம்பமாட்டார். நடுவில் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே ஒரு கெட்டித்தனம்.

கலியாணம் கட்டி வந்தபோது சீதனத்தோடு சேர்த்து இந்த வழக்கத்தையும் கொண்டுவந்தேன். என் மனிசன் துறைமுகத்தில் கிளாக்கர். அடித்தாலும் கோபம் வராத ஆள். முதல்நாள் நான் விளங்கப்படுத்தியதும், "கன்டீனில ஒரு வடை கூடச் சாப்பிட்டிட்டன், அதுக்கு மேல இண்டைக்கு நேரம் கிடைக்கேல்லை" என்றார். பிறகு எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்து, அவர்களும் முழங்காலில் வந்து சேர்ந்தார்கள். அப்பாவின் பிழையைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே செபமாலையைப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள்.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கதையே இல்லை.

அவள் என் மனிசனின் தம்பியுடைய பெண்சாதி. வெள்ளவத்தைப் பெட்டை, சைவ வீட்டுப் பிள்ளை. இரண்டு பேரும் விரும்பிக் கட்டியதால் அவள் ஞானஸ்நானம் எடுக்கச் சம்மதித்தாள். அவளுக்குச் செபம் படிப்பிக்கும் பொறுப்பை எங்கள் பங்குச் சுவாமி என்னிடம் தந்தார். எனக்கென்ன, சந்தோஷம்தான். செக் பொயின்ற் எல்லாம் தாண்டி பஸ்ஸில் கிழமைக்கு ஒருநாள் வருவாள். செபங்களை ஒரே மூச்சில் பாடமாக்கிவிட்டாள். ஆனால் பத்துக் கட்டளை, திருச்சபைக் கட்டளை, தலையான பாவங்கள் ஏழு, அவற்றின் கிளைகள் என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"இதெல்லாத்தையும் செய்யாமல் விட்டால் சரி. பிறகு என்ன செய்யிறது அக்கா?"

"முதல்ல செய்யாமல் விடு பார்ப்பம்" என்றேன்.

அதோடு அந்தக் கேள்வி முடிந்தது என்று நான் நினைத்தேன். எங்கே முடிந்தது? பாஸ்கா இரவில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். அடுத்த மாதமே சனிக்கிழமைகளில் எங்களோடு பாவசங்கீர்த்தன வரிசையில் வந்து நின்றாள். நான் உள்ளே போனால் மளமளவென்று சொல்லி, மூன்று மங்கள வார்த்தைச் செபத்தை அபராதமாக வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். பிள்ளைகளுக்கு ஏசினது, பக்கத்து வீட்டைப் பற்றிக் கதைத்தது, பூசையில் பராக்குப் பார்த்தது. சின்ன வயதிலிருந்து இதே மூன்றும்தான், சுவாமிமார்தான் மாறிக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளே போனால் வரமாட்டாள். பின்னால் நிற்கிறவர்கள் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள். வெளியே வரும்போது முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன், அப்படி என்னதான் பாவம் செய்கிறாய் என்று. அவளுக்கு ஒளிவுமறைவு கிடையாது. போன கிழமை மேல்மாடி மனுசியோடு பொறுமையாக இருக்கப் பார்த்ததாகவும், முடியவில்லை என்றும், இந்தக் கிழமை கொஞ்சம் முடிந்தது என்றும், செபத்தில் முந்தியைவிடக் கூட நேரம் இருக்க வருகிறது என்றும் சுவாமிக்குச் சொன்னாளாம். சுவாமி, அடுத்தது என்ன செய்யப் போறீர் என்று கேட்டாராம். இது பாவசங்கீர்த்தனமா, பள்ளிக்கூட ரிப்போட்டா? வயிறு எரிந்தது. என் வாழ்நாளில் ஒரு சுவாமியும் என்னிடம் அடுத்தது என்ன என்று கேட்டதில்லை.

கொஞ்ச நாளில் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்க அவளைக் கூப்பிட்டார் சுவாமி. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் காயவில்லை, பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நான் அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை வாங்கி, தாலி கட்டினவள். எனக்குக் கிடைத்ததெல்லாம் பூச்சாடி கழுவுகிற வேலை. அவள் நன்றாகத்தான் வாசித்தாள். மோசமாக வாசித்திருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன்.

அப்போது சண்டைக்காலம். கொழும்பில் தமிழ் ஆட்கள் அடையாள அட்டை இல்லாமல் குப்பை கொட்டக்கூடப் போகமாட்டார்கள். அவளுடைய புருஷன் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்விட்டான். வெள்ளவத்தை ஃபிளாட்டில் அவளும் தாயும் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்விசிறி சுற்றவில்லை என்று அவள் டெலிபோன் எடுக்க, என் மனிசன் திருத்திக் கொடுக்கப் போனார். அன்றைக்குப் பார்த்து அந்தப் பக்கம் ஆமியின் சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. அவர் வளர்ந்ததெல்லாம் கொழும்பு. ஆனால் அவரைப் பெறுவதற்கு மாமி தன் தாய்வீட்டுக்குப் போனதால் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். வேலை செய்யும் இடம் துறைமுகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குச் சந்தேகப்பட அது போதும். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு நாளும் அந்த வாசலில் போய் நின்றேன். அவளும் வந்து நின்றாள், அதை இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் அவளுக்குச் சிங்களம் வராது. காவலில் நின்றவனிடம் கதைத்தது நான். மாத்தயா, மாத்தயா என்று கெஞ்சியது நான். அவள் என் பின்னால் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழமைகள் போய், வழக்கு ஒன்றும் இல்லை என்று அவரை விட்டபோது, "உங்கட தம்பி பெண்சாதி நல்லா மன்றாடினவ" என்று ஒழுங்கையில் என்னிடமே வந்து சொன்னார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் வந்தார். ஆனால் வந்தது அவரில்லை. முன்னறையில் கதிரையைச் சுவரோடு போட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். வாசற்படி தாண்டவில்லை. எல்லாவற்றையும்விட, சிங்களத்தில் ஒரு சொல் கதைக்கவில்லை. துறைமுகக் கந்தோரில் மேலதிகாரிகளே அவரைக் கூப்பிட்டுச் சிங்களக் கடிதம் எழுதுவிப்பார்கள், அவ்வளவு கெட்டிக்காரன். இப்போது பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா சுகம் விசாரிக்க வந்தபோது, அவள் குரல் கேட்டதும் எழும்பி அறைக்குள் போய்விட்டார். நோனாவும் எங்கள் கோயில் ஆள்தான். பாவம், கொண்டுவந்த கிரிபத் பாற்சோற்றை என் கையில் தந்துவிட்டுப் போனாள். கந்தோரிலிருந்து ஆள் விட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டி வரும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வேலை போனால் நாங்கள் நடுத்தெருவில்தான். அதைவிட, அந்தக் கதிரையில் இருக்கிற ஆளிடமிருந்து என் மனிசனை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே மருந்தை நான் கொடுத்தேன். ஆண்டவர் காரணமில்லாமல் அடிக்கமாட்டார் என்றுதான் எனக்குப் படிப்பித்திருந்தார்கள். எங்கேயோ ஒரு பாவம் கிடக்கிறது, அதைத் தோண்டி எடுத்து வெளியே போட்டால் மனிசன் சுகமாவார். வந்த முதல் நாளே அவரை மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் இருத்தினேன். சுவாமியை வீட்டுக்குக் கூப்பிட்டு, இவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேளுங்கோ ஃபாதர் என்றேன். சுவாமி தேத்தண்ணீர் குடித்தார், கிரிக்கெட் கதைத்தார், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படியும் ஒரு சுவாமி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வீட்டுச் செபத்தில் மனிசன் நன்றாகத்தான் பிழை சொன்னார். முந்தியைப் போல வடைக்கதை இல்லை. இன்னாருக்குப் பொய் சொன்னேன், இன்னாரைப் பற்றிக் கெட்டதாக நினைத்தேன் என்று கனமான பிழைகள். சின்னவளின் முறை வருவதற்கு முன்னாலேயே தன்னுடையதைச் சொல்லிவிடுவார். கையைக் குவிக்காமல் பின்னால் கட்டிக்கொண்டு இருப்பார். "கையைக் குவியுங்கோ" என்று நான் திருத்துவேன். பிள்ளைகள் இப்போது சிரிப்பதில்லை. மனம் திரும்பிக்கொண்டு வருகிறார் என்று எனக்குள் ஒரு நிம்மதி.

அப்போதுதான் அவள் சனிக்கிழமைகளில் ஒரு புதுவேலையோடு வரத் தொடங்கினாள். வெள்ளவத்தையில் அவள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கோயிலில் கிழமை நாட்களில் பூசை சிங்களத்தில். செக் பொயின்ற் கரைச்சலில் ஒவ்வொரு நாளும் கொட்டாஞ்சேனைக்கு வர முடியாது. அதனால் சிங்களச் செபங்கள் படிக்க வேண்டுமாம். அண்ணா படிப்பித்தால் நல்லது என்றாள்.

அண்ணாவாம்! நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். சிங்களப் பிள்ளைகளோடு கிளித்தட்டு விளையாடி வளர்ந்தவள். செபம், சந்தை, சண்டை எல்லாவற்றுக்கும் என்னிடம் சிங்களம் உண்டு. என்னிடம் கேட்டிருக்கலாம். அந்தப் பாஷையைக் கேட்டாலே அறைக்குள் ஓடுகிற மனிசனிடம்தானா போய்க் கேட்பாள்? முகத்துக்கு நேரே சொன்னேன், அவருக்கு ஏலாது, நான் சொல்லித் தருகிறேன் என்று. சிரித்துக்கொண்டு, "நீங்கள் சமைக்க வேணும் அக்கா" என்றாள்.

முதல் சனிக்கிழமை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு சொல்லைப் பிழையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை வந்தபோது அவள் ஒரு சொல்லைக் கொலை செய்ய, அவர் பொறுக்க முடியாமல் திருத்தினார். குசினியில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அவர் வாயிலிருந்து சிங்களம் வந்து எவ்வளவு காலம்! அன்றைக்கு அந்த ஒரு சொல்லோடு அவள் எழும்பிவிட்டாள். கூடக் கேட்கவில்லை. அடுத்த கிழமை "சாமய" என்ற சொல். சமாதானம் என்று அர்த்தம். அதை எப்படி இழுத்துச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிக்காட்டினார். கிழமைக்குக் கிழமை சொல் கூடியது. போகும்போது, "போன கிழமையைவிட இண்டைக்குக் கூடச் சொல்லித் தந்திட்டீங்கள் அண்ணா" என்பாள். அவர் தலையைக் குனிந்து கொஞ்சம் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. பத்திக்கொண்டு வந்தது. நான் நாள் முழுக்க அவருக்கு முன்னால் நிற்கிறேன், எனக்கு ஒரு முகம். அவள் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வந்து குந்திவிட்டுப் போகிறாள், அவளுக்கு ஒரு முகம். துருவின தேங்காயை அடுப்பில் கொட்டலாம் போல இருக்கும். அவளில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகப்பட ஏதாவது இருந்திருந்தால் என் பாடு லேசாகியிருக்கும்.

ஒருநாள் பின்னேரம் செபமாலை முடிந்தது. வழக்கம்போல அவர் முந்திக்கொண்டார். கந்தோரில் கூட வேலை செய்கிறவனின் மைப் பேனையை எடுத்து வைத்துக்கொண்டேன் என்றார். பெரியவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"நீங்கள் கந்தோருக்குப் போகவே இல்லையே" என்றேன். "எந்தப் பேனை? சுரூபத்துக்கு முன்னால முழங்காலில நிண்டுகொண்டு பொய் சொல்லுறீங்களா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "ஏதாவது சொன்னால்தான் எழும்ப விடுவாங்கள்."

"ஆர்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார், சுரூபத்தைப் பார்த்தார். எந்த இடத்தில் இருக்கிறோம் என்று விளங்கின மாதிரி முகம் மாறியது. பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். நான் பிள்ளைகளைக் குசினிக்குப் போகச் சொன்னேன்.

முழங்காலில் இருந்தபடியே சொன்னார். அங்கே முதலில் உண்மையைச் சொன்னாராம், நான் ஒன்றும் செய்யவில்லை என்று. நம்பவில்லை. முழங்காலில் இருத்தி, செய்ததைச் சொல், செய்ததைச் சொல் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். ஒருநாள் தாங்க முடியாமல் சின்னதாக ஏதோ ஒன்றைக் கற்பனை பண்ணிச் சொன்னாராம். அன்றைக்குக் கதிரையில் இருக்க விட்டார்களாம்.

"பிறகு ஒவ்வொரு நாளும் ஒண்டை யோசிச்சு வைப்பன்" என்றார். "பெரிசாச் சொன்னாலும் பிரச்சினை. சின்னதாச் சொன்னால் நம்பமாட்டாங்கள்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். என் தகப்பன் வீட்டில் நான் படித்த அதே பாடத்தை என் மனிசன் அந்த இடத்தில் படித்திருக்கிறார். வீட்டுக்கு வந்தால், நானும் முழங்காலில் இருத்தி அதையே கேட்டிருக்கிறேன். அன்பினால்தான் கேட்டேன். நல்லதுக்குத்தான் கேட்டேன். யாராவது வேறு மாதிரிச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்த கேள்வி வேறு.

"அவளுக்குத் தெரியுமோ?"

அவர் தலையாட்டினார். "அவள் கேக்கேல்லை. நானாத்தான் சொன்னனான்."

மாதாவே! என் மனிசனுக்கு என்ன நடந்தது என்று என்னைவிட முதல் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, சனிக்கிழமை தவறாமல் வந்து, என் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை அவள் செருப்பைக் கழற்ற முதலே பிடித்துக்கொண்டேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை? நான் யார், தெருவில் போகிறவளா?

அவள் பயப்படவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "உங்களுக்குச் சொல்லத்தான் அண்ணா முயற்சி செய்துகொண்டிருந்தவர். நான் முந்திச் சொன்னால் அவர் ஏன் பிறகு வாய் திறக்கப் போறார் அக்கா?" என்றாள்.

அந்தப் பதிலில் ஒரு ஓட்டையாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. அதற்கும் சேர்த்து எரிந்தது.

அன்றைக்கே கோயிலுக்குப் போய் வரிசையில் நின்றேன். முறை வந்ததும் வழக்கமான மூன்றையும் விட்டுவிட்டு, என் மனிசனின் தம்பி பெண்சாதியில் எனக்குப் பொறாமை ஃபாதர் என்று தொடங்கினேன். வாசகம் வாசித்ததிலிருந்து முழுக்கக் கொட்டிவிட்டேன். பேனைக் கதையையும் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் இருமத் தொடங்கிவிட்டார்கள்.

வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுவாமி, "கொஞ்ச நாளைக்கு வீட்டில பிழை கேக்கிறதை விடுங்கோ" என்றார். "அவரில என்ன வளருது எண்டு பாருங்கோ. உங்களில என்ன வளருது எண்டும் பாருங்கோ. அதுதான் அபராதம்."

"என்னில எரிச்சல்தான் வளருது ஃபாதர்" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. மூன்று மங்கள வார்த்தை தந்திருந்தால் நிம்மதியாகச் சொல்லி முடித்துவிட்டு வந்திருப்பேன். இது என்ன அபராதம்? இது அவள் கதைக்கிற கதை. அவள் சுவாமியிடம் படித்தாளா, சுவாமி அவளிடம் படித்தாரா என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குச் செபமாலை முடிந்து சிலுவை அடையாளம் போட்டதும் நான் ஒன்றும் கேட்கவில்லை. சின்னவள் காத்திருந்து பார்த்தாள்.

"பிழை சொல்லுறேல்லையா அம்மா?"

"வேண்டாம். வேற ஏதாவது சொல்லு."

"வேற என்ன?"

எனக்கே தெரியவில்லை. இந்த வயது வரைக்கும் அந்த நேரத்தில் நான் வேறு ஒன்றையும் சொன்னதில்லை. இன்றைக்கு நல்லதாக ஏதாவது செய்திருந்தால், நேற்று ஏலாமல் இருந்து இன்றைக்கு ஏலுமானதாக ஏதாவது இருந்தால், அதைச் சொல் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சின்னவள் அக்காவுக்குத் தன் ரப்பரைக் கொடுத்தாளாம். பெரியவள், கொடுத்தது உண்மை, ஆனால் பிறகு பறித்துவிட்டாள் என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழும்பிவிட்டோம். பாவங்களைச் சொல்லாமல் எழும்பியது முகம் கழுவாமல் வெளியே போன மாதிரி இருந்தது எனக்கு.

இப்படியே நாட்கள் போயின. பிள்ளைகளுக்கு வாய் ஓயாது. எனக்குத்தான் சொல்ல ஒன்றும் அகப்படாது. ஒருநாள், இன்றைக்கு அவளைப் பற்றி ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "எவளைப் பற்றி?" என்று இரண்டும் சேர்ந்து கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தன. அவருக்கும் வாயோரம் அசைந்தது. ஆனால் அவருடைய முறை வரும்போது மௌனம்தான். கந்தோர்க்காரர்கள் இரண்டாம் முறையும் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். வாயைத் திற என்று உலுக்கலாம் போல இருக்கும். உலுக்கவில்லை. அதற்கு நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. பிள்ளைகள் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் எழும்பக் கையை ஊன்றினேன்.

"நெருப்புப்பெட்டி முடிஞ்சு போச்சு" என்றார் அவர். "மூலைக் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தனான்."

பிள்ளைகளுக்கு அது ஒரு செய்தியே இல்லை. பசிக்குது என்று எழும்பி ஓடிவிட்டார்கள். நான் ஊன்றின கையை எடுத்துவிட்டு முழங்காலிலேயே இருந்தேன். நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், ஒழுங்கை வாசலில் துவக்கோடு நிற்கிற ஆமிப் பெடியன்களைத் தாண்டித் தனியாகப் போயிருக்கிறார். கடை முதலாளிக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அவரிடம் சிங்களத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார். எல்லாவற்றையும் முடித்து, வீட்டுக்கு வந்து, பின்னேரம் வரைக்கும் அதை வைத்திருந்து, என்னிடம் சொல்கிறார்.

"என்ன சொல்லிக் கேட்டனீங்கள்?" என்றேன்.

"நெருப்புப்பெட்டி ஒண்டு தாங்கோ எண்டு" என்றார், சிங்களத்தில்.

அன்றைக்கு இரவு முழுக்கச் சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். சந்தோஷத்துக்குள்ளேயும் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது: நாளை கழிந்தால் சனிக்கிழமை. அவள் வருவாள். அவர் இதைச் சொல்லுவார். அவள் கையைத் தட்டி, எவ்வளவு முன்னேறிவிட்டீங்கள் அண்ணா என்பாள். அவருடைய முகம் மலரும். என்னுடைய நெருப்புப்பெட்டி அவளுடையதாகிவிடும்.

சனிக்கிழமை வந்தது, அவளும் வந்தாள். இரண்டு பேரும் வழக்கமான இடத்தில் இருந்து செபத்தைச் சொன்னார்கள். இப்போது அவளுக்குப் பாதிக்கு மேல் தடுமாறாமல் வந்தது. நான் குசினியில் கறியைக் கிண்டாமல் கிண்டிக்கொண்டு, காதை முன்னறையில் வைத்திருந்தேன். கடைசியில் அவள் கேட்டாள், நான் நினைத்த மாதிரியே.

"இந்தக் கிழமை புதுசா என்ன அண்ணா?"

நான் அகப்பையைக் கையில் வைத்தபடி எட்டிப் பார்த்தேன். அவர் குசினிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தபடியே அவளுக்குப் பதில் சொன்னார்.

"ஒண்டுமில்லை."

அவள் சரி என்று சொல்லி எழும்பினாள். அவளுக்குத் தேத்தண்ணீரில் அன்றைக்கு இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் கந்தோருக்குப் போனார், அதற்குப் பிறகு சனிக்கிழமை வரிசைக்கும் என்னோடு வரத் தொடங்கினார். அன்றைக்கு அவளுக்குச் சொன்னது சுத்தப் பொய், பாவம்தான். அதை உள்ளே போய்ச் சுவாமியிடம் சொன்னாரா என்று நான் ஒருநாளும் அவரைக் கேட்கவில்லை.